பெயரை நீக்கினால் போதுமா?

ஆய்வு முடிவுகளை வெளியிடுமுன் சரிபார்க்கும் கணினிக் கருவி ஒன்றின் அறிமுகம்

முன்னுரை

களப்பணிக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தகவலாளியிடம் முதலில் கூறும் உறுதிமொழி, "உங்கள் பெயரை எங்கும் எழுத மாட்டோம்" என்பதாகும். அவ்வுறுதிமொழியை நம்பியே ஊரார் நம்மைத் திண்ணையில் அமர்த்துகின்றனர். வருவாய், கடன், நோய், குடும்பப் பூசல் என அயலாரிடம் சொல்லாதவற்றையும் சொல்கின்றனர். அவ்வாறு பெறும் செய்தி நமக்கு உரிமையான பொருளன்று. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பழுதின்றிக் காத்தல் ஆய்வாளரின் கடமை. பெயரை நீக்கிவிடுவதோடு அக்கடமை நிறைவு பெறுகிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அவ்வினாவுக்கு விடை காண்பதோடு, ஆய்வு முடிவுகளை வெளியிடுமுன் சரிபார்க்கப் பயன்படும் 'சாக்ரோ' என்னும் கணினிக் கருவியை நிறுவும் முறையும் கையாளும் முறையும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

நெடுநல்வாடை தரும் பாடம்

ஒத்த அன்புடைய ஐந்திணை ஒழுக்கத்தைப் பாடுங்கால் எவரையும் பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் விதித்தார். தலைவன், தலைவி, தோழி என்று பொதுப்படக் கூறுவதே அகமரபு. ஆனால் பெயரைச் சொல்லாதிருந்தால் மட்டும் ஆள் மறைந்துவிடுவாரா? இதற்குப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை விடை பகர்கிறது.

நக்கீரர் பாடிய அப்பாட்டில், கணவனைப் பிரிந்து அரண்மனையில் வருந்தும் அரசியும் பாசறையில் புண்பட்ட வீரர்களைக் காணச் செல்லும் அரசனும் காட்டப்படுகின்றனர். பிரிவுத் துயரம் அகத்துக்குரிய பொருள். பாட்டின் எந்த அடியிலும் அரசனின் பெயர் இல்லை. ஆயினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனை அகமெனக் கொள்ளாது புறமென்றே கொண்டார். பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு சூட்டப்பட்டிருந்தது என்னும் குறிப்பே அதற்குக் காரணம். வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பால் பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது வெளிப்பட்டுவிட்டது. பெயர் சொல்லப்படவில்லை, ஆனால் ஆள் தெரிந்துவிட்டார்.

இக்காலப் புள்ளியியலார் 'மறைமுக அடையாளம்' என்று பெயரிட்டு ஆராய்வது இந்த வேம்பையே ஆகும். 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் இது மெய்ப்பிக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயரும் முகவரியும் நீக்கப்பெற்று ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டிருந்தன. லட்டான்யா ஸ்வீனி என்னும் ஆய்வு மாணவி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, பிறந்த நாள், பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் அப்பதிவுகளோடு பொருத்திப் பார்த்தார். அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்டு என்பாரின் மருத்துவப் பதிவு தனியே அகப்பட்டது. நாடறிந்த ஆளுநருக்கே இந்நிலை என்றால், முந்நூறு வீடுகள் உள்ள சிற்றூரில், எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில், ஓர் ஏழைப் பெண்ணின் நிலை என்னவாகும்?

நம் துறை கற்ற பாடம்

எம்ஃபில் பட்டப்படிப்பு நடைமுறையில் இருந்த நாளில், நம் மேற்பார்வையில் பயின்ற மாணவர் ஒருவர், வெள்ளிக் கொலுசுத் தொழிலில் ஈடுபட்டுள்ள பெண்களின் வழக்குச்சொற்களைத் தொகுத்தார். பனமரத்துப்பட்டி வட்டாரத்தில், ஜருகுமலை அடிவாரத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றே அவருடைய களம். அரளித் தோட்டத்து வேலை முடிந்து வந்து, மாலை வேளையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் பெண்களிடம் அவர் பொறுமையுடன் அமர்ந்து சொல் திரட்டினார். ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் தகவலாளிகளின் பின்புலம் குறித்து ஓர் அட்டவணை அமைத்தார். தகவலாளிகள் 37 பேர். கணவருடன் வாழ்பவர் 22, கைம்பெண்கள் 14, கணவரைப் பிரிந்து வாழ்பவர் 1. அதே வரிசையில் கடன் பெற்ற இடமும் தொகையும் குறிக்கப்பட்டிருந்தன.

ஆய்வேடு நிறைவுற்றபின் நன்றியுணர்வோடு அதன் படி ஒன்றை அம்மாணவர் அவ்வூர்ப் பெரியவரிடம் கொடுத்தார். அது கைக்குக் கை மாறியது. சில நாள் கழித்து அப்பெண்மணி மாணவரைக் கண்டு கேட்டது ஒன்றே: "பேரே போட மாட்டேன்னு சொன்னியேப்பா, இப்ப ஊரே கேக்குதே." மாணவர் பெயரைப் போடவில்லை என்பது உண்மை. ஆனால் 'பிரிந்து வாழ்பவர்: 1' என்னும் அந்த ஒற்றை எண், வேலில் சூடிய வேம்பாயிற்று. மாணவரைக் குறை கூற நாம் முற்படவில்லை. அந்த அட்டவணையைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டவர் நாம். நாம் அதில் பிழை தேடியது ஒற்று மிகும் இடங்களில் மட்டுமே.

எண்கள் காட்டிக்கொடுக்கும் வழிகள்

அட்டவணை ஒன்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் வழிகள் பல. அவற்றுள் இன்றியமையாதன மூன்று.

முதலாவது, சிற்றெண். ஒரு கட்டத்துள் ஒருவரோ இருவரோ மட்டும் இருப்பின் அவர் யாரென ஊரார் உணர்வர். மேற்காட்டிய நிகழ்ச்சி இவ்வகையினது. கட்டத்தை வெறுமையாக விட்டாலும் பயனில்லை. மொத்தம் 37, ஏனையவை 22, 14 என்று இருந்தால், மறைத்த எண் 1 என்பதைப் பள்ளிச் சிறுவனும் கண்டுகொள்வான்.

இரண்டாவது, கழித்தல். ஒரே களத்தைப் பற்றி இரு கட்டுரைகள் வெளிவரும்போது இவ்விடர் நேர்கிறது. ஆய்வேட்டில் 37 பெண்களின் சராசரிக் கடன் ரூ.20,000 என்றும், பின்னர்க் கருத்தரங்கக் கட்டுரையில் ஒருவரை நீக்கி 36 பெண்களின் சராசரி ரூ.19,000 என்றும் எழுதுவதாகக் கொள்வோம். முதற்கணக்கின் மொத்தம் ரூ.7,40,000, இரண்டாவதன் மொத்தம் ரூ.6,84,000. வேறுபாடாகிய ரூ.56,000 நீக்கப்பட்ட அந்த ஒருவரின் கடனாகும். தனித்தனியே பார்க்குங்கால் இரு கட்டுரைகளிலும் குற்றமில்லை; இரண்டையும் அருகருகே வைக்கும்போதே குற்றம் புலனாகிறது.

மூன்றாவது, ஓங்கல். ஒரு சிலரின் பங்கு மட்டும் மிகப் பெரிதாக இருக்கும் நிலை இது. சேலம், நாமக்கல் சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் மிகுதி. அவற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு பகுதியில் 12 ஆலைகள் உள்ளன. ஓர் ஆலையின் வரவு 60 இலட்சம், மற்றொன்றின் வரவு 30 இலட்சம், எஞ்சிய பத்தும் தலா அரை இலட்சம் எனக் கற்பனையாகக் கொள்க. மொத்தம் 95 இலட்சம் என்று மட்டும் நாம் வெளியிடுகிறோம். எண்ணிக்கை பன்னிரண்டு ஆதலின் சிற்றெண் குற்றம் இல்லை. ஆனால் இரண்டாம் ஆலையின் உரிமையாளர் தம் 30 இலட்சத்தைக் கழித்தால் எஞ்சுவது 65 இலட்சம். அது தம் போட்டியாளரின் வரவை ஏறத்தாழ அப்படியே காட்டிவிடுகிறது. பிழை 5 இலட்சம் மட்டுமே.

கருவியின் தோற்றம்

ஐரோப்பிய நாடுகளில் வரி, நோய், கல்வி ஆகியவை பற்றிய தனிமனிதப் பதிவுகளை ஆய்வாளர் தம் இல்லத்துக்கு எடுத்துச் செல்ல இயலாது. காப்புடைய அறையில், அல்லது காப்புடைய கணினி வழியாகவே அவற்றைக் கையாளலாம். ஆய்வாளர் அமைத்த அட்டவணையும் வரைபடமும் வெளியே செல்லுமுன் பயிற்சி பெற்ற சரிபார்ப்பாளர் ஒருவர் அவற்றைப் பார்த்து இசைவளிப்பார். 'ஐந்து பாதுகாப்புகள்' என்று வழங்கப்பெறும் கோட்பாடு இதற்கு அடிப்படை. நல்ல நோக்கம், தக்க ஆய்வாளர், காப்பான இடம், செம்மை செய்த தரவு, தீங்கற்ற வெளியீடு என்பன அவை. இவற்றுள் ஐந்தாவதே நம் பொருள்.

ஒவ்வோர் அட்டவணையையும் கண்ணால் மட்டும் சரிபார்ப்பது நெடும்பொழுது கொள்ளும் பணி. ஆதலின், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தார், கணக்கிடும்போதே இடர்களைச் சுட்டும் 'அக்ரோ' என்னும் நிரல்தொகுதியை உருவாக்கினர். பின்னர் 2023ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் இணைந்து மேற்கொண்ட 'சாக்ரோ' திட்டத்தில் அது விரிவாக்கப்பட்டது. சரிபார்ப்பாளர் தம் மேசைக் கணினியில் திறந்து பார்க்கும் 'சாக்ரோ வியூவர்' என்னும் செயலியும் அத்திட்டத்தில் அமைந்தது. ஆகவே இது இரு பகுதிகளை உடையது: ஆய்வாளர் கையாளும் அக்ரோ ஒன்று; சரிபார்ப்பவர் கையாளும் வியூவர் மற்றொன்று. இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பன.

நம் நாட்டிலும் இக்கடமை சட்டத்தால் வலியுறுத்தப்பட்டதே. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிமனிதர் அளித்த விவரங்களைப் பிறர் பார்வையிட உரிமையில்லை என்கிறது. 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டமும், தகவல் தந்தவர் யாரெனத் தெரியும் வகையில் வெளியிடுதல் கூடாது என்கிறது. 2023இல் எண்முறைத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. அரசுக் கணக்கெடுப்பாளருக்குள்ள இப்பொறுப்பு, கல்லூரியிலிருந்து களத்துக்குச் செல்லும் நம் மாணவருக்கும் அறத்தின்படி உரியதே.

நிறுவும் முறை

கணினித் துறையாரின் துணை தொடக்கத்தில் ஒரு நாள் கிடைத்தால் போதும். தமிழ்த் துறையினரும் இதனை நடத்தலாம். படிகள் வருமாறு:

1. துறையில் ஒரு கணினியை இதற்கென ஒதுக்குக. கடவுச்சொல் அமைத்துக்கொள்க. களத்தரவு வைக்கும் கணினி வேறு பணிகளுக்குப் பயன்படாதிருத்தல் நன்று.

2. 'பைத்தான்' என்னும் நிரல்மொழியின் அண்மைப் பதிப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுக. நிறுவும்போது தோன்றும் முதற்பக்கத்தில், கணினியின் 'பாத்' பட்டியலில் சேர்க்கும்படி கேட்கும் கட்டத்தில் குறியிடுதல் வேண்டும். மறந்தால் பின்வரும் ஆணையைக் கணினி அறியாது.

3. கட்டளைத் திரையைத் திறந்து, 'பிப் இன்ஸ்டால் அக்ரோ' என்னும் ஆணையை ஆங்கில எழுத்தில் தட்டச்சிடுக. தேவையான துணைநிரல்களும் உடன் வந்து சேரும்.

4. 'கிட்ஹப்' தளத்தில் சாக்ரோ வியூவருக்குரிய வெளியீட்டுப் பக்கத்திலிருந்து விண்டோஸ் கணினிக்கான நிறுவுகோப்பை இறக்கி நிறுவுக.

5. இவை முடிந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்துவிடலாம். களத்தரவை அதன்பின்னரே அக்கணினியில் ஏற்றுக.

தரவு பற்றி ஒரு குறிப்பு. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தாள்களைக் கணினி எழுத்தாக உணராது. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும். மேலும் பெயர், வீட்டு எண், கைபேசி எண் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்குக. எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் தனியே பூட்டில் இருக்கட்டும்.

கையாளும் முறை

மாணவர் தம் அட்டவணையை வழக்கமான முறையில் அமைக்காமல், அக்ரோவின் வழியாக அமைக்கிறார். குறுக்கட்டவணைக்குரிய 'கிராஸ்டேப்' என்னும் ஆணையை இட்டவுடன், அட்டவணையோடு அதன் நிலையும் திரையில் தோன்றும். இடரில்லை எனில் 'பாஸ்'. இடர் உண்டெனில் 'ஃபெயில்'. கருவியால் தீர்மானிக்க இயலாதது எனில் 'ரிவியூ'. எந்தக் கட்டத்தில் எவ்வகை இடர் என்பதும் சுட்டப்படும்.

இத்தீர்ப்புக்கு அடிப்படையான அளவுகள் ஓர் அமைப்புக் கோப்பில் உள்ளன. கட்டம் ஒன்றில் குறைந்தது 10 பேர் இருத்தல் வேண்டும் என்பது அதன் இயல்பான அளவு. ஒரு கட்டத்தின் மொத்தத்தில் முதல் இருவரின் பங்கு 90 விழுக்காட்டை மீறுமாயின் அது ஓங்கல் குற்றம். முதல்வரையும் இரண்டாமவரையும் நீக்கியபின் எஞ்சுவது முதல்வரின் மதிப்பில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாயின் அதுவும் குற்றம். நம் ஜவ்வரிசி ஆலை எடுத்துக்காட்டை இவ்விரு விதிகளுக்கும் உட்படுத்திப் பார்க்கலாம். முதல் இருவரின் பங்கு 95இல் 90. அதாவது ஏறத்தாழ 94.7 விழுக்காடு. எஞ்சுவது 5, அது 60இல் ஏறத்தாழ 8.3 விழுக்காடு. இரண்டாலும் அது தடுக்கப்படும். இவ்வளவுகளை மாற்றும் உரிமை மாணவருக்கு இருத்தல் கூடாது. துறை கூடி முடிவு செய்து ஒரே அளவைப் பேணுதல் நலம்.

தடைப்பட்ட அட்டவணையை என் செய்வது? பிரிவுகளைச் சேர்ப்பதே முதல் வழி. 'கைம்பெண்கள் 14, பிரிந்து வாழ்பவர் 1' என்பதைத் 'தனித்து வாழும் பெண்கள் 15' என்றாக்கினால் ஆய்வுப் பொருள் கெடுவதில்லை, ஆளும் தெரிவதில்லை. இடர்க் கட்டங்களை மறைக்கும் வசதியும் கருவியில் உண்டு. அவ்வெண் ஆய்வுக்கு இன்றியமையாதது என்று மாணவர் கருதினால், காரணத்தை எழுதி விலக்குக் கோரலாம். இறுதியில் 'ஃபைனலைஸ்' என்னும் ஆணையால் அட்டவணைகள், நிலைகள், குறிப்புகள் யாவும் ஒரு கோப்புறையில் சேர்க்கப்படும்.

இனிச் சரிபார்ப்பவர் வருகிறார். வியூவரைத் திறந்து அக்கோப்புறையைத் தேர்ந்தவுடன், ஒருபுறம் வெளியீடுகளின் பட்டியலும் மறுபுறம் தேர்ந்த அட்டவணையும் தோன்றும். இடருள்ள கட்டங்கள் வேறுபடுத்திக் காட்டப்படும். மாணவர் எழுதிய காரணமும் உடன் இருக்கும். ஒவ்வொன்றையும் ஏற்றோ மறுத்தோ தம் குறிப்பை எழுதுகிறார். ஏற்கப்பட்டவை மட்டும் ஒரு பொதிகோப்பாக வெளிவரும். சரிபார்ப்புக்கு ஒப்படைத்தபின் எவரேனும் கோப்பைத் திருத்தியிருந்தால் அதனையும் செயலி காட்டிக்கொடுக்கும். சரிபார்ப்பவர் அந்த ஆய்வின் நெறியாளராக இல்லாதிருத்தல் நன்று. நெறியாளருக்குத் தம் மாணவர் ஆய்வேடு விரைவில் நிறைவுறவேண்டும் என்னும் ஆவல் இருக்கும்; அந்த ஆவல் கண்ணை மறைக்கும். நாம் பட்டறிந்த உண்மை இது.

கருவி காணாதவை

கருவி எண்ணை அறியும், ஊரை அறியாது. சென்ற ஆண்டுக் கருத்தரங்கில் வேறொருவர் வாசித்த கட்டுரை அதற்குத் தெரியாது. ஆதலின் இரு வெளியீடுகளைக் கழித்துக் காணும் இடரைத் துறையே நினைவிற்கொண்டு பார்த்தல் வேண்டும். ஒரு தெருவில் வினவப்பட்ட 14 பேரும் கடனாளிகள் என்றால், எண்ணிக்கை பத்தைத் தாண்டுவதால் அது பாஸ் ஆகலாம். ஆனால் அத்தெருவார் அனைவரின் நிலையும் வெளிப்பட்டுவிடுகிறது. நேர்காணல் பகுதிகள், ஒளிப்படங்கள், நன்றியுரையில் குறிப்பிடும் வீடு ஆகியவை கருவியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. தமிழ்த் துறைகளின் ஆய்வுகளில் எண்ணைவிட எழுத்தே மிகுதி ஆதலின், எஞ்சும் பொறுப்பு மனிதருடையதே.

எல்லாவற்றையும் மறைத்துவிடுவதும் தீர்வன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 முதல் மாணவர்களைத் தத்தம் ஊர்களுக்கு அனுப்பி ஆய்வு செய்வித்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி ஆகிய தமிழ்நாட்டு ஊர்கள் 1918இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றன. ஊர்ப்பெயர்கள் நூலில் இருந்தமையாலேயே பின்வந்தோர் அங்கே மீண்டும் சென்று மாற்றங்களை அளக்க முடிந்தது. 1940இல் மறு ஆய்வு நூலும் வெளிவந்தது. ஊர்ப்பெயரை மறைத்திருந்தால் அவ்வறிவு நமக்குக் கிட்டியிராது.

நாட்டுப்புறப் பாடல் தொகுப்போருக்கு இது இன்னும் பொருந்தும். தாலாட்டுப் பாடித் தந்த மூதாட்டியின் பெயரை, அவர் இசைவு பெற்று, அச்சிடாமல் விடுவது காப்பு அன்று, நன்றி மறத்தல். அதே மூதாட்டி பாட்டுக்கிடையே தம் மருமகளைப் பற்றிச் சொன்னதை எழுதுவது அத்துமீறல். புறத்தில் பெயர் சொல்லுதல் சிறப்பு. அகத்தில் பெயர் சொல்லாமை சிறப்பு. எது புறம், எது அகம் என்று பகுத்துணரும் பயிற்சி தமிழ் மாணவருக்குப் புதிதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பெயரை நீக்குதல் அடையாளத்தை மறைத்தலாகாது என்பதும், சிற்றெண், கழித்தல், ஓங்கல் என்பவற்றால் அட்டவணைகள் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதும், அவற்றைச் சுட்டிக்காட்டக் கருவி உண்டு என்பதும், கருவிக்கு அப்பாலும் மனித மதிப்பீடு வேண்டும் என்பதும் விளங்கும். கருவியை நிறுவ வாய்ப்பில்லாத துறைகள் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஆய்வேடு கட்டமைப்புக்குச் செல்லுமுன், அட்டவணைகளை மட்டும் தனியே எடுத்து, அக்களத்தை அறிந்த மற்றோர் ஆசிரியரிடம் கொடுத்து, "இதில் யாரேனும் தெரிகிறாரா?" என்று கேட்டல் வேண்டும். ஒரு மணி நேரப் பணியே அது.

நாம் குறிப்பிட்ட அப்பெண்மணி அதன்பின் எந்த மாணவருக்கும் செய்தி தரவில்லை. அவர் அறிந்திருந்த தொழிற்சொற்களுள் எத்தனை ஏட்டில் ஏறாமல் நின்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோம். ஒருவரின் நம்பிக்கையை இழக்கும்போது அவரோடு ஒரு சொற்களஞ்சியத்தையும் இழக்கிறோம். அடுத்த தலைமுறை மாணவர் அவ்வூர்த் திண்ணைக்குச் செல்லும்போது "உங்கள் பெயரை எங்கும் எழுத மாட்டோம்" என்பதோடு, "நீங்கள் யாரென்று எவரும் அறியாதபடியும் பார்த்துக்கொள்வோம்" என்று கூறும் தகுதி உடையவராகச் செல்வாராக.